உடுக்கைக்கு உயர்வு தேடுகிறவர்கள்

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது முதல் நம் நண்பர்கள் சிலரை ஒரு யோசனை பிடித்து ஆட்டுகிறது. அண்ணன்மார் கதையையும், உடுக்கைக்காரரோடு சேர்த்து, அப்படியொரு மேடையில் ஏற்றிவிட வேண்டுமாம். அப்போதுதான் கொங்கு நாட்டுப் பாட்டு உயருமாம். உயர்த்தக் கிளம்புகிறவன் அதைத் தாழ்ந்தது என்று முன்னமே தீர்மானித்துவிட்டவன்.

இவர்கள் காட்டும் முன்னுதாரணம், 2005இல் புடாபெஸ்ட் குழுவோடு வந்த 'திருவாசகம்'. அது வேறு சங்கதி. மாணிக்கவாசகரின் சொல் ஏட்டில் நிலைபெற்றுவிட்டது. அதன்மேல் இசையமைப்பவன் எழுப்பும் கட்டடம் விழுந்தாலும் திருவாசகம் விழாது.

அண்ணன்மார் கதைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. பிரெண்டா பெக் 1960களில் ஒலிப்பதிவு செய்து 1992இல் அச்சில் கொண்டுவந்தது ஒரு பாடகரின் வாய்மொழி. அடுத்த ஊரில், அடுத்த வாயில் அது வேறு.

நாமக்கல் பக்கத்துக் கோயில் ஒன்றில் நான் பார்த்த படுகளத்தைச் சொல்கிறேன். பொன்னரும் சங்கரும் மடிகிற கட்டத்தில் இளவட்டங்கள் சிலர் நினைவிழந்து மண்ணில் விழுந்தார்கள். தங்காள் அண்ணன்மாரை எழுப்பும்போது அவர்களும் எழ வேண்டும். ஒருவன் எழவில்லை. அவனுடைய தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் இமை அசைகிறவரை பாடகர் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப, வார்த்தையை மாற்றி மாற்றிப் பாடினார். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பாட்டின் நீளத்தை நிர்ணயித்தவன் மண்ணில் கிடந்தவன்.

ஸ்வரக்குறிப்பைப் பார்த்து எண்பது பேர் வாசிக்கிற மேடையில் இது நடவாது. குழுவை நடத்துகிறவரின் கோல் குறித்த இடத்தில் இறங்கியாக வேண்டும். அந்தக் கலையின் ஒழுங்கு அது. குறை சொல்ல நான் யார்? ஆனால் உடுக்கைக்காரரை அதற்குள் நிறுத்தினால் பன்னிரண்டு நிமிஷம் ஒதுக்குவார்கள். பட்டுவேட்டி கட்டி வந்து, அடித்துப் பாடி, கைதட்டல் வாங்கிப் போவார். விழவும் ஆளிராது, எழுப்பவும் அவசியமிராது.

புடாபெஸ்டைச் சொல்கிறவர்கள் அந்த ஊர் பார்டாக்கை நினைக்க வேண்டாமா? 1906 முதல் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக அலைந்தவர். மான்களாகிவிட்ட ஒன்பது புதல்வர்கள் வீடு திரும்ப முடியாத கதையை ருமேனியக் குடியானவர்களின் பாட்டில் கேட்டு, 1930இல் 'கான்டாட்டா ப்ரொஃபானா' எழுதினார். குடியானவரை மேடையில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டு, தன் பெயரில், தன் பொறுப்பில் எழுதினார். நம்மவர்களுக்குக் கற்கப் பொறுமையில்லை; அழைத்துவந்து நிறுத்தினால் போதும்.

இவர்களில் எத்தனை பேர் ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்? நானும் யோக்கியன் இல்லை. பல இரவு நடந்த கதையில் நான் கேட்டது அந்த ஓர் இரவுதான். மற்ற இரவுகளில், காலையில் பாங்குக்குப் போக வேண்டுமே என்று தூங்கிவிட்டேன். உடுக்கைக்காரருக்கு மேடை குறையவில்லை, கோயில் வாசல் இருக்கிறது. அதில் வந்து உட்காரத்தான் ஆள் குறைகிறது. லண்டன் போய் அதைத் தீர்க்க முடியாது.