மலையேற்ற விபத்து: குரூப்பில் பேசலாமா, கூடாதா?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையில் இருந்து மட்டுமல்ல, ஈரோடு, திருப்பூரில் இருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தாலே, ‘குரூப்பில் போடாதீங்க, குடும்பம் பார்க்கும்’ என்பார்கள் சிலர். நியாயம்தான். வீட்டுக்குத் தகவல் போகும் முன்பே படம் ஃபார்வர்டு ஆவது கொடுமை.

அதற்காக மொத்தமாக மௌனமானால்? கோடையில் காய்ந்த புல் சட்டென்று பற்றும், சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும் என்பது முதல்முறை மலையேறுபவருக்கு எப்படித் தெரியும்?

கோவை வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் மே வரையிலான சீசனில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலியால் பக்தர்கள் இறந்த செய்திகள் வருகின்றன. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் சொல்கிறது. ஆனால், எத்தனையாவது மலையில், என்ன அறிகுறி, கீழே கொண்டுவர எவ்வளவு நேரமானது என்ற விவரம் தெரிந்தால்தான், ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று நினைப்பவர் பாதியில் இறங்குவார்.

ஆகவே பேசணும். பெயர், படம், ‘அவங்க தப்பு’ என்ற தீர்ப்பு வேண்டாம். இடம், நேரம், காரணம் போதும். அதையும் வனத்துறையோ காவல்துறையோ உறுதி செய்த பிறகு பகிரலாம்.