தந்த நிறமா, பால் வெள்ளையா?

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவருமுன் அறைக்குப் புதிதாக வண்ணம் பூசும் குடும்பங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல. கடையில் வண்ண அட்டையைப் பிரித்தால் தந்த நிறமும் பால் வெள்ளையும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். அந்த விரலகலத்தில் வேறுபாடு தெரிவதில்லை. எதை எடுத்தாலென்ன என்று தோன்றும். பால் வெள்ளையை எடுங்கள் என்கிறோம் நாங்கள்.

தந்த நிறத்தில் சிறிது மஞ்சள் கலந்திருக்கிறது. நான்கு சுவர்களிலும் பூசியபின், ஒரு சுவரின் ஒளி மறுசுவரில் பட்டு அந்த மஞ்சள் அடர்கிறது. அறையிலிருப்போர் மேனியிலும் படிகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் 10க்கு ஏறத்தாழ 6 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காண்கிறது. பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அளவுமீறினால் மூளையையும் செவியையும் தாக்கக்கூடும். அது உச்சம் அடைவது பொதுவாக 3 முதல் 5 நாள்களில். பலர் வீடு திரும்பிவிடும் வேளை. அந்நாள்களில் குழந்தையைக் கண்ணெடுக்காமல் பார்த்திருப்பவர் அம்மாச்சிதான். மஞ்சள் சாயல் சுவரும் மஞ்சள் விளக்கும் அவரை எளிதில் ஏமாற்றிவிடும். பச்சிளங்குழந்தைப் பிரிவின் சுவர்களுக்கு நடுநிலையான நிறங்களை விரும்புவதும் இதனால்தான்.

எந்தச் சுவரும் பரிசோதனைக்கு ஈடாகாது. பகல் வெளிச்சத்தில் சன்னலருகே குழந்தையின் நெற்றியையோ மார்பையோ விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். விழிவெண்மையையும் ஈறுகளையும் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவியிருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து உறங்கினாலோ, உடனே அழைத்து வாருங்கள். இரத்தப் பரிசோதனையே அளவை உறுதியாகச் சொல்லும்.

பால் வெள்ளையில் அழுக்குத் தெரியும் என்பார் பெயின்டர். உண்மைதான், தெரிந்தால் துடைத்துவிடலாமே! முன்னோர் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்தடித்துப் பழுப்பை மறைத்தனர். கடியாபட்டி, ராயவரம் பக்கத்துப் பழைய வீடுகளின் செட்டிநாட்டுப் பூச்சுக்கோ வண்ண அட்டையே தேவைப்படவில்லை.

கண்புரையுள்ள தாத்தாவிடம் இவ்விரு கட்டங்களையும் காட்டிக் கேட்பதில் பயனில்லை. பழுப்பேறிய விழிவில்லை வழியே இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். அறுவைக்குப் பின் அவரே, சுவர் எப்போது வெளுத்தது என்று வியக்கக்கூடும்.

ஐயமிருந்தால் இரண்டையும் சுவரில் முழம் அகலத்துக்குப் பூசி, துவைத்த வெள்ளை வேட்டியை அருகில் பிடித்துப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள். வேலையைக் குழந்தை வருவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்து, வாடை போகும்வரை சன்னல்களைத் திறந்துவையுங்கள்.