அவசரக் கையெழுத்தில் பறிபோகும் பங்கு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சுய சம்பாத்தியச் சொத்தில் மகளின் பங்கு அந்த மரணத்தன்றே அவளுக்குச் சேர்ந்துவிடுகிறது. கருமாதி முடிந்த கையோடு அதை ‘விடுதலைப் பத்திரம்’ என்ற பெயரில் எழுதி வாங்கும் வழக்கத்துக்குக் கர்நாடக அரசு கடிவாளம் போட வேண்டும்.

பெங்களூரில் 1898-ம் ஆண்டு பிளேக்கை அடுத்து விரிந்த பகுதி மல்லேஸ்வரம். சம்பிகே சாலையையும் மார்கோசா சாலையையும் ஒட்டிய கிராஸ்களில், தாத்தா காலத்துத் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டால்தான் கட்டுநர் ஒப்பந்தம் போடுவார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளின் நினைவு பல வீடுகளில் அப்போதுதான் வருகிறது. மனையின் மதிப்பு என்ன, தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி அவளும் கையெழுத்திடுகிறாள்.

இந்த மண்ணுக்கு இது அழகல்ல. பெண்களின் சொத்துரிமைக்காக 1933-லேயே தனிச் சட்டம் இயற்றியது மைசூர் சமஸ்தானம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரை ஒரே வரிசையில் வைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த கர்நாடகத்தின் 1994-ம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. அந்த உரிமைக்கு 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் பங்குண்டு என்று 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கர்நாடகத்திலிருந்து சென்ற ரேவணசித்தப்பா வழக்கில் வந்தது.

“கல்யாணத்துக்குச் செலவு செய்தோம், சீர் கொடுத்தோம், கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டோம்” என்பது சகோதரர்களின் வாதம். மகனின் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் ஆன செலவை எந்தக் குடும்பமும் அவன் பங்கில் கழிப்பதில்லை. பெற்றோரைப் பேணிய பிள்ளைக்குக் கூடுதலாகத் தர விரும்பும் தந்தை உயில் எழுதலாம். எழுதாதபோது சட்டம் வகுத்த சம பங்கே செல்லும். சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. ஆனால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறியாமல் போடும் கையெழுத்து எப்படி மனமுவந்ததாகும்? பதிவான பத்திரத்தை ரத்து செய்ய அவள்தான் சிவில் நீதிமன்றம் ஏற வேண்டும். ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்பது மூன்றே ஆண்டுகள்.

எனவே, அரசு ஆறு காரியங்களைச் செய்ய வேண்டும். மரணம் நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் வாரிசுகளிடம் எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதியக் கூடாது. பத்திரத்தில் விட்டுக்கொடுக்கும் பங்கின் அளவும் சந்தை மதிப்பும் இருக்க வேண்டும். சார்பதிவாளர் மகளைத் தனியே அழைத்து, அவளுக்குத் தெரிந்த மொழியில் அதை விளக்க வேண்டும். கத்தா எனப்படும் சொத்துப் பதிவை மாற்றுமுன், வம்சவிருட்சம் என்ற குடும்ப வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு வாரிசுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அந்தச் சான்றில் மகளின் பெயரை மறைப்பவர்மீது வழக்குத் தொடர வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ம் ஆண்டுச் சட்டம். அதற்கான வழக்கறிஞர் பதிவு அலுவலகத்திலேயே கிடைக்க வேண்டும்.

மைனர் பிள்ளைக்கு வந்த வீட்டையோ மனையையோ தாயேயானாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. வயதுவந்த மகளும் நிர்ப்பந்தத்தில் நிற்கும்போது அவளுக்கு ஒரு காப்பு வேண்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே அரசு இதற்கு வழிசெய்யட்டும்.