அடித்தவருக்கு இல்லாத உரிமை

2010 வாக்கில் சூலூரில் எங்களுக்குப் பாட்டு என்றால் ரீசார்ஜ் கடைதான். ஒரு கண்ணாடி மேசை, அதன்மேல் தூசி படிந்த கம்ப்யூட்டர், 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று கையால் எழுதி ஒட்டிய அட்டை. இருபது முப்பது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு கிடைக்கும். தறிக் குடோன்களில் இரவு ஷிப்டு ஓட்டுகிறவர்களும் என்னைப் போன்ற பள்ளி மாணவர்களும்தான் வாடிக்கையாளர்கள்.

கடைக்கார அண்ணன் எங்கள் அருந்ததியர் தெருக்காரர். பத்தாவது முடித்து, கடன் வாங்கிக் கடை போட்டவர். அவருடைய கம்ப்யூட்டரில் 'இளையராஜா', 'ரஹ்மான்', 'புதுப்படம்' என்ற ஃபோல்டர்களுக்குக் கீழே 'நம்மாளுக' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. கோயில் நோம்பிகளில் செல்போனில் பிடித்த ஜமாப், சாவு வீட்டுப் பறை, கூட்டங்களில் பாடிய அம்பேத்கர் பாட்டுகள், கே.ஏ.குணசேகரனின் கேசட்டுகளிலிருந்து மாற்றிய ஃபைல்கள். அந்த ஃபோல்டருக்கு மட்டும் அவர் காசு வாங்கியதில்லை. அதில் பெரும்பாலானவை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதவை.

'ரெய்டு' என்ற சொல் காதில் விழுந்தாலே அண்ணன் ஷட்டரை இறக்கிவிடுவார். "குண்டாஸ்ல போட்டாங்கன்னா ஒரு வருசத்துக்கு வெளிய வர முடியாதுப்பா" என்பார். பாட்டு ஏற்றிக் கொடுப்பவருக்கு எதற்குக் குண்டர் சட்டம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு நாட்டுப்புற இசைப் பதிவுகள் குறித்து ஆய்வு செய்ய வந்து, அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் அவருடைய பயத்தில் பொருள் இருக்கிறது என்று தெரிந்தது.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தைத்தான் நாம் குண்டர் சட்டம் என்கிறோம். கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று நீளும் அதன் பட்டியலில், 2004இல் ஜெயலலிதா ஆட்சியில் 'வீடியோ பைரேட்' சேர்க்கப்பட்டார். திருட்டு விசிடி ஒழிப்பு என்றுதான் அன்று பேசப்பட்டது. ஆனால் வரையறை படத்தோடு நிற்கவில்லை. படத்தின் ஒலித்தடத்தில் ஏதாவது ஒரு பகுதி அடங்கிய ஒலிப்பதிவும் அதற்குள் வருகிறது. அதாவது சினிமாப் பாட்டு. இந்தச் சட்டத்தில் ஒருவரை விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமைகூட அவருக்குக் கிடையாது.

இத்தனைக்கும் பதிப்புரிமை மீறலுக்கு மத்தியச் சட்டத்தின் 63ஆம் பிரிவிலேயே ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. அது பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்கும் மேலே எதற்கு இன்னொரு தடுப்புக் காவல்?

படத்தையும் பாட்டையும் உள்ளேயிருந்து கசிய விடுபவர் ஒருவர். வெளிநாட்டு சர்வரில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பவர் இன்னொருவர். கைக்கு எட்டுவதோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூன்றாமவர்தான். குண்டர் சட்டம் யார்மேல் எளிதாகப் பாயும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இம்மாநில மக்கள்தொகையில் தலித்துகள் 20 விழுக்காடு. தடுப்புக் காவலில் இருப்போரில் அவர்களுடைய பங்கு அதைவிட மிக அதிகம் என்பதைச் சிறைப் புள்ளிவிவரங்கள் காட்டியிருக்கின்றன.

தெருவில் தடுப்புக் காவல் என்றால், இணையத்தில் முகம் தெரியாதவர் மீதான தடையாணை. 2012இல் '3' படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படியொரு ஆணை பெற்றார்கள். பெயர் தெரியாத எதிர்மனுதாரரை வெளிநாட்டில் 'ஜான் டோ' என்பார்கள், இங்கே 'அசோக் குமார்' என்பார்கள். அதைக் காட்டி இணைய சேவை நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின், பைரேட் பே என்று முழுத் தளங்களையே மூடின. படத்துக்குத் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கானோரின் படைப்புகளும் சேர்ந்து மறைந்தன. குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை மாறியது. அதே படத்தின் 'கொலவெறி' பாட்டு சில மாதங்களுக்கு முன் உலகம் முழுக்கப் பரவியது எப்படி? கோடிக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்ததால்தானே!

இதையெல்லாம் படித்துவிட்டு, பாட்டு எல்லோருக்கும் பொது, பதிப்புரிமை என்பதே முதலாளிகளின் வேலி என்று கல்லூரி நாட்களில் நானும் பேசித் திரிந்தேன். அந்தப் பேச்சை நிறுத்தியவர் என் தாய்மாமா.

மாமா ஜமாப் குழு வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆடியோ கம்பெனிக்காரர்கள் குழுவைக் கூட்டிப் போய் ஒருநாள் முழுக்க அடிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். ஆளுக்கு ஐநூறு ரூபாய், மதியச் சாப்பாடு, ஒரு பென் டிரைவில் பிரதி. எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. பிறகு அந்தப் பதிவு கம்பெனியின் பெயரோடு யூடியூபில் வந்தது. அடித்தவர்களில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. மாமா மகன் அந்தப் பென் டிரைவில் இருந்ததை நோம்பிப் படங்களோடு சேர்த்துத் தன் சேனலில் ஏற்றினான். இரண்டே நாளில் 'பதிப்புரிமை மீறல்' என்று வீடியோ நீக்கப்பட்டது.

"அது என்ற அடி மாப்ள. என்ற அப்பன் எனக்குச் சொல்லிக் குடுத்தது. நான் திருடிப் போட்டேன்னு எவன் சொல்றது?" என்று கேட்டார் மாமா. என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

பதில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவு ஒன்றின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர் என்கிறது அந்தச் சட்டம். மைக் வைத்தவருக்கு 60 ஆண்டு உரிமை. அடிக்கோ ஆசிரியர் கிடையாது. அது தலைமுறை தலைமுறையாக வந்தது, யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து. ஊர் நூற்றாண்டுகளாகச் சொல்வதும் ஏறத்தாழ இதுதானே? "அடிக்கறது உங்க கடமை, அதுக்கென்ன தனியாக் கூலி" என்கிறது சாதி. "அது மரபு, அதற்கென்ன தனியாக உரிமை" என்கிறது சட்டம். இரண்டிலும் மாமாவின் கை வெறுங்கையாகத்தான் திரும்புகிறது.

ஆனால் இதே சட்டத்தில் நம்மிடம் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. 'நிகழ்த்துநர்' என்பதற்கு அது தரும் வரையறையில் பாடகர், இசைக் கலைஞர், நடனக் கலைஞர் மட்டுமல்ல, வித்தைக்காரரும் பாம்பாட்டியும்கூட வருகிறார்கள். நிகழ்த்துநரின் உரிமை 50 ஆண்டு. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தி, வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் தகுதியையும், தன் நிகழ்ச்சியில் தன்னை அடையாளப்படுத்தக் கோரும் உரிமையையும் கொடுத்தது. அதாவது, தாளில் பார்த்தால் மாமாவுக்கு உரிமை உண்டு. கையெழுத்து வாங்காமல் பதிவு செய்த கம்பெனியிடம் கேள்வி கேட்கவும் இடமுண்டு.

நீக்கும் முறையிலும் இதே கதைதான். சட்டப்படி, புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் நீக்கியதைத் திரும்ப அனுமதிக்கலாம். நடைமுறையில் தளங்கள் தங்கள் சொந்த விதிகளையும் எந்திரத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றன. மறுப்புத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. அதன் சட்ட வாசகத்தைப் பார்த்த மாமா மகன், கேஸ் ஏதும் வந்துவிடுமோ என்று மூடி வைத்துவிட்டான். கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். எங்கள் தெருவுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் பதிப்புரிமையே வேண்டாம் என்று என்னால் இன்று சொல்ல முடியவில்லை. பண்ணைபுரத்திலிருந்து வந்த இளையராஜா, தன் பாட்டுக்குத் தனக்கும் உரிமை உண்டு என்று 2017இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது என்ன நடந்தது? வழக்குகளில் யார் பக்கம் சட்டம் என்பது வேறு விவாதம். ஆனால் 'பேராசை', 'ஆணவம்' என்று வந்து விழுந்த வசவுகளில் பதிப்புரிமைச் சட்டம் பற்றிய கவலை எவ்வளவு, சாதி எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கம்பெனி காசு கேட்டால் அது வியாபாரம். நம் வீட்டிலிருந்து போனவர் கேட்டால் அது பேராசை.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' இன்னும் கசப்பான பாடம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையையும் ஒப்பாரி மரபையும் அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அறிவு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் இல்லை. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அவர் இல்லை. அறிவும் சந்தோஷ் நாராயணனும் யாருடைய பங்களிப்பு எவ்வளவு என்று பொதுவெளியில் வாதிட வேண்டி வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ அறிவுக்கோ தீக்கோ ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அது திருட்டு விசிடியால் நேர்ந்த இழப்பு அல்ல. கோடிக்கணக்கான முறை சட்டப்படியே கேட்கப்பட்ட பாட்டு. பைரசியை ஒழித்தால் கலைஞர் வாழ்வார் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா?

மெமரி கார்டு கடைகளை மூடியதும் போலீஸ் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் கடைக்குப் போகும் தேவையே போய்விட்டது. பாட்டு இப்போது நம் கையில் இருக்கும் ஃபைல் இல்லை, ஏதோவொரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் சேவை. பகிர்வது குறைந்து, வாடகைக்குக் கேட்பது கூடியிருக்கிறது. ஆனால் அரசின் சிந்தனை இன்னும் விசிடி காலத்திலேயே நிற்கிறது. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தமும் மூன்றாண்டு வரை சிறை, படத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதம் என்றுதான் பேசுகிறது. பிரதி எடுப்பவரைத் தண்டிக்க அத்தனை வழிகள். படைத்தவர் கைக்குக் காசு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஓர் அதிகாரிகூட இல்லை.

ஆகவே நாம் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. முதலில், குண்டர் சட்டத்திலிருந்து 'வீடியோ பைரேட்' நீக்கப்பட வேண்டும். பதிப்புரிமைத் தகராறு நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டியது, விசாரணையில்லாச் சிறையில் அல்ல. இரண்டாவது, நாட்டுப்புறக் கலைஞர்களைப் பதிவு செய்யும் எவரும் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும், ஒவ்வொருவர் பெயரையும் வெளியிட வேண்டும், வருமானத்தில் பங்கு தர வேண்டும் என்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அடையாள அட்டையோடும் உதவித் தொகையோடும் நின்றுவிடாமல், ராயல்டி கோரவும் தளங்களுக்கு மறுப்பு அனுப்பவும் சட்ட உதவி தர வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம் தோழர்களே. உங்கள் ஊர் நோம்பியில் செல்போனை எடுத்துப் பதிவு செய்கிறீர்கள் அல்லவா? ஏற்றுவதற்கு முன் அடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் எந்தக் கருவி, எந்த ஊர் என்று வீடியோவுக்குக் கீழே எழுதுங்கள். நாளை ஒரு கம்பெனி உரிமை கோரி வந்தால், முதலில் பதிவானது யாருடையது என்பதற்கு அது சான்றாக இருக்கும்.

கடைக்கார அண்ணன் இப்போது டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொடுக்கிறார். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. 'நம்மாளுக' ஃபோல்டரும் அதோடு போய்விட்டது. பழைய மெமரி கார்டுகளைத் தெருத் தெருவாகக் கேட்டு வாங்கி, அதில் இருந்தவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஃபைலையும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினால், இரண்டு தட்டுக் கேட்டதுமே இது இன்னார் கை என்று சொல்லிவிடுகிறார். சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 41 பெயர்கள்.