இரவு பதினொன்றேகாலுக்குக் குதிக்கும் நால்வர்

இரவு 11.15. வொயிட்ஃபீல்டில் ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர், புனேயில் ஒருவர், குர்கானில் ஒருவர். நால்வரும் ஒரே விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் சில விநாடிகளில் எராங்கல் என்ற தீவின் மேல் பாராசூட்டில் குதிக்க வேண்டும். தீவு, விமானம் இரண்டும் செல்போன் திரையில் மட்டுமே உண்டு. ஆனால் குர்கான்காரர் லேப்டாப்பில் கலந்துகொண்டிருக்கும் மீட்டிங் நிஜமானது. நியூயார்க்கில் அப்போது பிற்பகல் 1.45. அங்கே மேனேஜர் இவர் பெயரைச் சொன்னால் இங்கே இவருடைய வீரன் சிலையாகிவிடுவான். மற்ற மூவரும் அவனைச் சுற்றி நின்று காவல் காப்பார்கள். காவல் காத்தே பல இரவுகள் கழிந்திருக்கின்றன.

இவர்களுடைய பெயர்கள் தேவையில்லை. இந்தியாவின் எந்த ஐ.டி. நகரத்திலும் இப்படி ஒரு நால்வர் அணி கிடைக்கும். ஒரே விடுதியில் நான்கு வருடம் படித்து 2016இல் வெளியே வந்தவர்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இருவருக்குத் திருமணம் ஆகிவிட்டது, ஒருவருக்குப் பெண் குழந்தை. இவர்களைச் சேர்த்து வைத்திருந்தது இரண்டு விஷயங்கள். ஒன்று இந்த விளையாட்டு. இன்னொன்று, போகப்போவதாக ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கோவா.

கோவா ஏன் என்று யாரும் கேட்பதில்லை. 2001இல் ‘தில் சாஹ்தா ஹை’ வந்த நாளிலிருந்து நண்பர்கள் என்றால் கோவா என்று ஹிந்தி சினிமா விதித்துவிட்டது. பத்து வருடம் கழித்து ‘ஜிந்தகி ந மிலேகி தோபாரா’ அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது. அதில் ஹிருத்திக் ரோஷன் ஓயாமல் செல்போனில் வியாபாரம் பேசிக்கொண்டிருக்க, ஃபர்ஹான் அக்தர் அந்த போனைப் பிடுங்கி ஓடும் காரிலிருந்து வெளியே எறிவார். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விசிலடித்தவர்கள்தான் இன்று லீவு விண்ணப்பத்தின் கடைசி வரியில், அவசரமென்றால் போனில் கிடைப்பேன் என்று தாங்களாகவே எழுதிக் கொடுக்கிறார்கள்.

லீவு இல்லாமல் இல்லை. தொழிற்சாலைச் சட்டம் நீண்ட காலமாகவே இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு என்று கணக்கு வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அந்த உரிமை கிடைக்க ஒரு வருடத்தில் வேலை செய்திருக்க வேண்டிய நாட்களை 240இலிருந்து 180ஆகக் குறைத்திருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளின் ஏட்டிலும் லீவுக்குப் பஞ்சமில்லை. எடுப்பதில்தான் சிக்கல். ஒருவர் எடுத்தால் அவருடைய வேலை பக்கத்து நாற்காலிக்குப் போகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டும்.

இவர்களுடைய அப்பாக்களும் லீவு எடுத்தவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் அதைச் சேர்த்தார்கள். மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது 300 நாள் வரையிலான லீவைப் பணமாக்கிக்கொள்ளலாம். எத்தனையோ வீடுகளில் மகளின் கல்யாண மண்டபமும் வீட்டின் மாடியறையும் அந்தப் பணத்தில் வந்தவைதான். நான்கு வருடத்துக்கு ஒரு முறை எல்.டி.சி.யில் காசிக்கோ கன்யாகுமரிக்கோ போய்வருவார்கள், அதுவும் மாமியாரையும் தின்பண்டங்களையும் சுமந்துகொண்டு. ஓய்வு என்று அதைச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம். இருந்தாலும் மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்டப்பட்டது. ஃபைல் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது ஃபைல் படுக்கைக்கே வருகிறது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்களுக்கு யோசனை சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி என்றார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற கேள்வியோடு. நாடே சிரித்தது, கோபப்பட்டது. வொயிட்ஃபீல்டில் அந்தச் செய்தியை இரவு பத்தரை மணிக்கு, ஒரு பிழையைச் சரிசெய்துவிட்டு மறு பிழை வருவதற்குள் கிடைத்த இடைவெளியில் படித்தார்கள். அதே வருடம் ஜூனில், நாளொன்றின் வேலை நேரத்தை ஓவர்டைமும் சேர்த்து 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் யோசனையைக் கர்நாடக அரசு முன்வைத்தபோது ஐ.டி. ஊழியர் சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் புதிதாக இருந்தது சட்ட அங்கீகாரம் மட்டுமே.

இப்படிப்பட்ட நாளின் முடிவில் செல்போனைத் திறந்து நூறு பேர் சண்டையிடும் தீவில் குதிப்பவனை அடிமை என்று சொல்லிவிடுவது சுலபம். உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு நோய் என்ற ஒன்றை 2019இல் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றது. ஆனால் அதன் இலக்கணம் கறாரானது. கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முக்கியமாக வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும். பொதுவாக ஒரு வருட காலமாவது இப்படி நடந்திருக்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென ‘ஷட்’ என்ற தனிக் கிளினிக் இயங்குகிறது. அங்கே போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஒரு மணி நேரம் பழைய நண்பர்களின் குரலைக் கேட்க வருபவன் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத்தில் இரவுச் சலுகைக் கட்டணத்துக்காகக் காத்திருந்து ஊருக்குப் பேசியவர்களை யாரும் நோயாளி என்று சொல்லவில்லை.

அரசாங்கத்துக்கு இந்த விளையாட்டின் மேல் நிலையான அபிப்ராயம் இருந்ததில்லை. 2018இல் வந்தது. 2019 ஜனவரியில், மகன் எந்நேரமும் ஆன்லைன் விளையாட்டிலேயே இருக்கிறான் என்று ஒரு தாய் முறையிட்டபோது, பையன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் மோடியே மேடையில் கேட்டு அரங்கைச் சிரிக்கவைத்தார். 2020 செப்டம்பர் 2 அன்று, எல்லையில் சீனாவுடன் மோதல் நிலவிய சமயம், 118 ஆப்களோடு தடை. 2021 ஜூலையில் வேறு பெயரில் மறுபிறவி. 2022 ஜூலையில் மறுபடி முடக்கம். 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு மறுபடி வருகை. தடைக் காலங்களில் நால்வரும் வாட்ஸ்அப்பில் பேசிப் பார்த்தார்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் போகவில்லை. ஆண்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவது அபூர்வம். பக்கத்தில் நின்று ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் வாய் திறக்கும். மேனேஜரின் மிரட்டல், அப்பாவின் சர்க்கரை அளவு, புனேக்காரரின் விவாகரத்துப் பேச்சு எல்லாம் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவேதான் வெளியே வந்தன.

2023 ஜனவரியில் கோவாவுக்காக ஒரு நிதி ஆரம்பித்தார்கள். தலைக்கு மாதம் 2,000 ரூபாய். பொறுப்பாளர் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர். விடுதியில் மெஸ் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்தவர் அவர்தான். 23 மாதத்தில் 1,84,000 ரூபாய். 2024 டிசம்பர் கடைசி வாரம் என்று முடிவாயிற்று. கிறிஸ்துமஸை ஒட்டி அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்பில் யாரும் கை வைக்கக்கூடாது என்று பூட்டிவிடும். இந்திய இன்ஜினீயருக்கு லீவு கிடைக்கும் வாரம் அது ஒன்றுதான்.

நவம்பர் கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் தனக்கு லீவு கிடைக்காது என்றார். பயணம் ஒத்திப்போடப்பட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பதைவிட நம்பத்தகுந்த காரணம் இந்தத் தொழிலில் கிடையாது.

பிப்ரவரியில் உண்மை வெளிவந்தது. இரவு முழுக்க விழித்திருந்து சர்வர் விழுந்தால் தூக்கிவிட வேண்டிய டியூட்டி அவருக்கு மாதத்தில் ஒரு வாரம் உண்டு. சர்வர் விழாத இரவுகளில் வேலையே இல்லை, தூங்கவும் கூடாது. அந்த நேரத்துக்குத் துணையாக வந்தது ரம்மி. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி. முதல் வாரத்தில் ஆறாயிரம் ஜெயித்திருக்கிறார். அந்த ஆறாயிரம்தான் அவரைக் கெடுத்தது. தன் சேமிப்பு தீர்ந்தது, தனிநபர் கடன் வாங்கினார், அதன் தவணைக்காகக் கோவா நிதியில் கை வைத்தார். மற்ற மூவரின் பங்கு மட்டும் 1,38,000 ரூபாய்.

எராங்கலில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டு, சீட்டுக்கட்டில் பணம் கட்டுவது வேறொன்று. வீட்டிலிருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், பையன் செல்போனில் ஆடுகிறான். சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெளிய வெகுகாலம் பிடித்தது. ரம்மி திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வாதம் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி அந்த வாதத்தையே ஓரங்கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு கூடாது, நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. மேஜை மூடப்பட்டது நல்லதுதான். ஆனால் மேஜையில் தோற்ற பணத்துக்கான வங்கித் தவணை மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்துகொண்டிருந்தது, அதை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை.

நண்பர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ‘பரவாயில்லை யார், முடிந்தபோது கொடு’ என்று மூவரும் ஒரே மாதிரி எழுதினார்கள். அதற்குப் பிறகு இரவு 11.15க்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. நான்கு பேர் அணியில் மூன்று பேர் இருந்தால் நான்காவது இடத்தில் முகம் தெரியாத யாரையாவது கம்ப்யூட்டரே கொண்டுவந்து சேர்க்கும். ஒரு நாள் போஜ்புரி பேசும் பையன், ஒரு நாள் பின்னணியில் குக்கர் விசிலடிக்கும் யாரோ. குர்கான்காரர் மீட்டிங்கில் சிக்கி நின்றபோது இவர்கள் யாரும் அவருக்குக் காவல் நிற்கவில்லை. விளையாட்டு சரிப்படவில்லை. ஜூன் வாக்கில் மற்ற மூவருமே நிறுத்திவிட்டார்கள். அவரவருக்கு வேலை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

வொயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே சில்க் போர்டு சந்திப்பு இருக்கிறது. பெங்களூரில் நட்பு முறிவுகளுக்கு அந்தச் சந்திப்பின் பங்கை யாராவது ஆராயலாம். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு இருவரும் பதினான்கு மாதம் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை, டிராஃபிக் என்ற ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது. வொயிட்ஃபீல்டு மெட்ரோ 2023இல் முழுமையானது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகும் மஞ்சள் தடத்தைப் பிரதமர் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைத்தார். சாக்கு தீர்ந்துபோனது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வொயிட்ஃபீல்டுக்காரர் மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் தடம் மாறிப் போய் இறங்கினார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் திறந்தவர் எட்டு கிலோ இளைத்திருந்தார். ஃபிளாட்டைக் காலி செய்து பேயிங் கெஸ்ட் அறைக்கு மாறியிருந்தார், கட்டிலுக்கடியில் கரண்ட் அடுப்பு. வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது. பணத்தைப் பற்றி முதல் ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மெஸ் கணக்கு எழுதிய அதே கையெழுத்து. மூன்று பேருக்கும் தலைக்கு 46,000, மாதம் 3,000 வீதம் மூவருக்கும் பிரித்து, எந்த மாதம் முடியும் என்பது வரை எழுதியிருந்தது. யாருக்கும் அனுப்பத் தைரியம் வரவில்லை. நிம்ஹான்ஸுக்குப் போனாயா என்று கேட்டதற்கு, ஆறு மாதமாக வாரம் தவறாமல் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதானாம்.

அடுத்த புதன்கிழமை வொயிட்ஃபீல்டுக்காரர் தலைவலி என்று சிக் லீவு போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ரயில்வே 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. நான்கு மாதம் முன்னால் லீவு சொல்ல முடியாதவர்களுக்கு இது ஒரு விதத்தில் வரப்பிரசாதம். அக்டோபர் கடைசியில் ஒரு காலை எட்டு மணிக்கு, வாஸ்கோ ரயிலில் இரண்டு பெர்த் பதிவாயிற்று. புனேக்காரர் இரவு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் தன் டிக்கெட் காசை அன்றே அனுப்பிவிட்டார், நோட்டுப் புத்தகத்தில் தனிப் பக்கம் போட்டு.

குர்கான்காரரின் லீவு டிசம்பர் 22 அன்று ரத்தானது. கிளையன்ட் இந்த வருடம் பூட்டுப் போடவில்லை.

பெனோலிமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. மாலையில் மீன் சாப்பிட்டார்கள், புனேக்காரர் மகளுடன் வீடியோவில் பேசினார், பத்து மணிக்கெல்லாம் மூவருக்கும் கொட்டாவி. 11.15க்கு மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. குர்கானிலிருந்து அழைப்பு. நியூயார்க்கில் மதிய உணவு இடைவேளை, அரை மணி நேரம் இருக்கிறதாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வொயிட்ஃபீல்டுக்காரர் எழுந்துபோய் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு வந்தார்.