இம்பரின் இன்னொரு ஆலயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைவிடப்பட்ட ஊர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் இங்கிலாந்தின் இம்பர் கிராமமும் இருந்ததில் மகிழ்ச்சி. ஆனால் பேச்செல்லாம் இன்றும் நிற்கிற புனித ஜைல்ஸ் ஆலயத்தைப் பற்றியே. அங்கே இன்னொரு ஆலயமும் இருந்தது.

சாலிஸ்பரி சமவெளியில் உள்ள அந்த ஊராரை 1943 நவம்பரில் பள்ளிக்கூடத்தில் கூட்டி, 47 நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகள் பயிற்சி எடுக்க இடம் வேண்டுமாம். போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் பலர். ஊர் இன்றும் ராணுவத்திடம்தான்.

நான் சொன்ன அந்த இன்னொரு ஆலயம், 1839-இல் கட்டிய பாப்டிஸ்ட் சிற்றாலயம், கவனிப்பாரின்றிச் சிதைந்து, 1970-களில் இடிக்கப்பட்டது. மிஞ்சியது அதன் கல்லறைத் தோட்டம் மட்டுமே. பொதுமக்களை ஊருக்குள் அனுமதிக்கும் நாளொன்றில் போயிருந்தேன். பஸ்ஸில் வந்த கூட்டம் முழுக்க ஜைல்ஸ் ஆலயத்துக்கே ஏறியது. சிற்றாலயத்தின் கல்லறைகளைப் பார்க்க நின்றவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். கட்டடம் இருந்தால்தான் கோவிலா? தங்களுக்கென்று தனியாக ஒரு கூரை போட்டுக்கொண்ட எளிய சபையார் அவர்கள். கூரை போய்விட்டது, அவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அடுத்த முறை இரண்டு வரியாவது அவர்களுக்கும் ஒதுக்குங்கள்.

போக நினைக்கும் வாசகர்களுக்கு: ஆண்டில் சில நாள்தான் அனுமதி, தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சாலையை விட்டு விலகாதீர்கள். புல்வெளியில் வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம்.

— ஒரு வாசகர், பிரிஸ்டல்