எவர் வீட்டில் எரிகிறது விளக்கு?

கரமனைத் தமிழராகிய நாம் இரு மொழித் தொலைக்காட்சிகளையும் காண்பவர்கள். ஆதலின் ஒப்பிட்டுப் பேச நமக்கு உரிமையுண்டு. சுசீந்திரத்தில் பிறந்த டி.என். கோபகுமார் ஏஷியாநெட்டில் ‘கண்ணாடி’ என்னும் நிகழ்ச்சியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார், 2016-இல் மறைந்தார். எளியோர் துயரை ஊரறியச் செய்த நிகழ்ச்சி அது.

தமிழில் நமக்கு வாய்த்தது யாது? ‘சொல்வதெல்லாம் உண்மை’! கூலிக் குடும்பத்துப் பூசல் அரங்கேறும், கண்ணீர் பெருகும், நடுவே விளம்பரம் வரும். 2018 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தபோது, இரவுச் சாப்பாட்டுக்குத் துணை போயிற்றே என்று வருந்தியவர்கள் நம் தெருக்களிலும் இருந்தனர்.

பிரிட்டனிலும் இவ்விரு வகை உண்டு. கிரனாடா தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’, பர்மிங்காம் குண்டுவெடிப்புக்காக 1975-இல் ஆயுள்தண்டனை பெற்ற அறுவரின் வழக்கை 1985-இல் துருவி ஆராய்ந்து, தீர்ப்பையே ஐயுற்றது. 1991-இல் அறுவரும் விடுதலையாயினர். காவல்துறையோடும் நீதிமன்றத்தோடும் மோதிய துணிவு அது! ஐ.டி.வி.யின் ‘ஜெரமி கைல் ஷோ’வோ குடும்பச் சண்டையைக் கூவி விற்றது, பங்கேற்ற ஒருவர் இறந்ததையடுத்து 2019-இல் நிறுத்தப்பட்டது.

ஏழையின் அடுப்பங்கரைக்குள் ஒளிப்படக் கருவியோடு நுழைய என்ன துணிவு வேண்டும்? மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: கருவியைக் கண்டு நடுங்க வேண்டிய அறைகள் வேறு. மருமகளோடு சண்டையிட்ட கிழவியை மேடைக்கு அழைக்கிறார்கள். அவளுடைய முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் உறங்குகிறது என்று எவரும் கேட்பதில்லை.